ஆர்பிஜிக்கு ஏன் அந்தக் கன்சோல்?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. தோள்வலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் கல்லூரிக்குப் போனபின் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே நேர்மாறு. சின்னவன் டிவியை விட்டு நகர்வதே இல்லை. எல்லாரும் தூங்கிய பிறகுதான் கன்ட்ரோலர் என் கைக்கு வருகிறது.

சரி, உன் கோபத்துக்கு வருவோம். ஆர்பிஜிகளில் (ஒரு பாத்திரமாகவே மாறி நீண்ட கதையை ஆடும் விளையாட்டுகளில்) பால்டர்ஸ் கேட் 3 மற்றவர்களுக்கெல்லாம் வந்த பிறகுதான் உன் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது, ஃபைனல் ஃபேன்டஸியோ முதலில் சோனியின் பிளேஸ்டேஷனுக்கே போகிறது, எல்லாம் காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலைதானே என்று கேட்டிருந்தாய். காசும் உண்டு. ஆனால் நான் கவனித்தவரை அதைவிடப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது.

கார் பந்தயத்தில் ஒரு சுற்று முடிந்தால் விளையாட்டு எல்லாவற்றையும் மறந்துவிடலாம். ஆர்பிஜிக்கு அந்த வசதி கிடையாது. எந்த ஊரில் எந்தப் பெட்டியைத் திறந்தாய், யாரைக் காப்பாற்றினாய், யாரை ஏமாற்றினாய், பையில் எத்தனை மருந்து பாக்கி என்பதெல்லாம் அறுபது மணி நேரம் ஆடிய பிறகும் அதற்கு ஞாபகம் இருக்க வேண்டும். அதனால் இந்த வகை விளையாட்டு செய்பவர்கள் கன்சோலின் வேகத்தைப் பார்க்கும் முன்பே அதற்குள் எவ்வளவு கொள்ளும் என்று பார்க்கிறார்கள்.

1986இல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலில் வந்த முதல் டிராகன் குவெஸ்ட்டை எடுத்துக்கொள். கணினியில் அல்டிமா, விசார்ட்ரி என்ற ஆர்பிஜிகளை ஆடி மயங்கியிருந்த யூஜி ஹோரி, அந்த அனுபவத்தை ஒரு சில பொத்தான்களுக்குள்ளும் 64 கேபிக்குள்ளும் அடக்கினார். சேவ் செய்ய இடமே இல்லை. விளையாடி முடித்ததும் திரையில் வரும் 20 எழுத்துக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை நீண்டது. ஒரு எழுத்தைத் தப்பாக எழுதினால் அத்தனை உழைப்பும் போச்சு. 1988இல் மூன்றாம் பாகம் வந்தபோதுதான் கார்ட்ரிட்ஜுக்குள், அதாவது கன்சோலில் செருகும் விளையாட்டுப் பெட்டிக்குள், சின்ன பேட்டரி வைத்து, விளையாட்டே ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி செய்தார்கள்.

அடுத்து வந்தது பெரிய பிரிவு. ஃபைனல் ஃபேன்டஸியின் முதல் ஆறு பாகங்களும் நின்டெண்டோ கன்சோல்களில்தான் வந்தன. நின்டெண்டோ 64க்கும் கார்ட்ரிட்ஜ்தான் என்று நின்டெண்டோ பிடிவாதம் பிடித்தது. அந்த கார்ட்ரிட்ஜ் கடைசிவரை 64 எம்பியைத் தாண்டவில்லை. சிடியிலோ 650 எம்பிக்குக் குறையாமல் கொள்ளும். அதோடு, கார்ட்ரிட்ஜ் தயாரிக்கச் செலவு அதிகம், எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே கணித்து ஆர்டர் கொடுக்க வேண்டும். சிடி மலிவு, தீர்ந்தால் சீக்கிரமே மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஃபைனல் ஃபேன்டஸியைச் செய்த ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கு மாறியது, 1997இல் ஃபைனல் ஃபேன்டஸி 7 மூன்று டிஸ்குகளில் வந்தது. அந்த வீடியோக் காட்சிகளை ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் திணித்திருக்கவே முடியாது. சிடியிலும் குறை இல்லாமல் இல்லை, லோடிங் திரையைப் பார்த்துப் பார்த்துக் கொட்டாவி விட்டவர்கள்தானே நாம். அதையெல்லாம் மீறி அந்தத் தலைமுறையின் ஆர்பிஜிகள் பெரும்பாலும் பிளேஸ்டேஷன் பக்கம் சேர்ந்தன. நின்டெண்டோ 64இல் பேப்பர் மரியோ மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் மிஞ்சின.

டிராகன் குவெஸ்ட்டை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனத்தின் கணக்கு வேறு. எந்தக் கன்சோல் அதிகம் பேரிடம் இருக்கிறதோ அங்கே டிராகன் குவெஸ்ட் போகும். ஏழாம் பாகம் பிளேஸ்டேஷனில், எட்டாவது பிளேஸ்டேஷன் 2இல். ஒன்பதாவது எங்கே வந்தது தெரியுமா? 2009இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலில்! படத்தின் அழகில் பிளேஸ்டேஷன் 2இன் பக்கத்தில்கூட அதை வைக்க முடியாது. ஆனால் அப்போது ஜப்பானில் யார் பையைத் திறந்தாலும் ஒரு டிஎஸ் இருக்கும். எதிரே வருகிறவர் பையிலும் டிஎஸ் இருந்தால் புதையல் வரைபடங்கள் தாமாகவே கைமாறும்படி அந்த விளையாட்டில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் அதற்காகவே ஓரிடத்தில் கூடினார்கள். வீட்டில் டிவியோடு கட்டிப்போட்ட கன்சோலில் இது நடக்குமா? போகிமானும் அப்படித்தான். 1996இல் அது வந்தபோது நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான கேம் பாய்க்கு ஏழு வயது, கறுப்புவெள்ளைத் திரை. இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கேபிளைச் சுற்றித்தான் அந்த விளையாட்டே பின்னப்பட்டது. வலிமையான கன்சோலில் வந்திருந்தால் அது போகிமானாகவே இருந்திருக்காது என்பது என் கட்சி.

மேற்கத்திய ஆர்பிஜிக்காரர்கள் கணினியில் வளர்ந்தவர்கள். 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரு கணினிதான். இன்டெல் பிராசஸர், கூடவே ஹார்ட் டிஸ்க். மாரோவின்டும் நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்கும் எக்ஸ்பாக்ஸில் வந்தன, பிளேஸ்டேஷன் 2க்கு வரவேயில்லை. பிறகு ஸ்கைரிம் 2011இல் பிளேஸ்டேஷன் 3இல் பட்ட பாட்டை நீ மறந்திருக்க மாட்டாய். சேவ் ஃபைல் பெருக்கப் பெருக்க விளையாட்டு திணறியது. அந்தக் கன்சோலின் 512 எம்பி நினைவகம் 256, 256 என்று இரண்டாகப் பிரிந்திருந்தது, எக்ஸ்பாக்ஸ் 360இல் அதே 512 ஒன்றாக இருந்தது. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் சமம்தான்.

காசைப் பற்றிக் கேட்டாயே. மைக்ரோசாஃப்ட் கொடுத்துப் பார்த்தது. ஃபைனல் ஃபேன்டஸியைத் தொடங்கிவைத்த சகாகுச்சியின் புது நிறுவனத்தோடு சேர்ந்து ப்ளூ டிராகன், லாஸ்ட் ஒடிசி இரண்டையும் 360க்கு வெளியிட்டது. லாஸ்ட் ஒடிசி எனக்கு உயிர், நான்கு டிவிடியையும் மாற்றி மாற்றிப் போட்டு முடித்தேன். ஆனாலும் ஜப்பானில் 360 எடுபடவில்லை. காசு கொடுத்தால் விளையாட்டு வரும், ஆடுகிறவர்கள் கூடவே வந்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது.

பால்டர்ஸ் கேட் விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் இருப்பது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். அதில் நினைவகம் (ராம்) 10 ஜிபி, அதைவிட வலிமையான சீரிஸ் எக்ஸில் 16. இரண்டிலும் ஒரே வசதிகள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. அந்த விளையாட்டில் இரண்டு பேர் ஒரே திரையைப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் போகலாம். அப்போது உலகின் இரண்டு மூலைகளையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். சீரிஸ் எஸ்ஸில் அதை ஓடவைக்க, விளையாட்டைச் செய்த லேரியன் நிறுவனம் தடுமாறியது. கடைசியில் மைக்ரோசாஃப்ட் விட்டுக்கொடுத்து, 2023 டிசம்பரில் சீரிஸ் எஸ்ஸுக்கு மட்டும் அந்த வசதி இல்லாமல் வெளியானது. பிளேஸ்டேஷன் 5இல் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ஆக, உன்னை யாரும் காசுக்கு விற்றுவிடவில்லை. 6 ஜிபி இடித்தது, அவ்வளவுதான்.

ஃபைனல் ஃபேன்டஸியில் உன் சந்தேகம் சரி, பதினாறாம் பாகம் முதலில் பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் என்பது சோனியோடு பேசிவைத்த ஏற்பாடு. ஆனால் இனி எல்லாக் கன்சோல்களுக்கும் கொண்டுபோவோம் என்று ஸ்கொயரும் எனிக்ஸும் இணைந்து உருவான ஸ்கொயர் எனிக்ஸே 2024இல் அறிவித்துவிட்டது. ஒரே கன்சோலை நம்பினால் இன்றைய தயாரிப்புச் செலவுக்குக் கட்டுப்படியாகாது.

புதுக் கன்சோல் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உன்னிடம் இருப்பதிலேயே லாஸ்ட் ஒடிசி ஓடும், எக்ஸ்பாக்ஸின் இணையக் கடையில் தரவிறக்கிக்கொள்ளலாம். அதை முடித்துவிட்டு எழுது. உடனே பிடித்தது என்று சொல்லிவிடாதே, முதல் டிஸ்க் அளவுக்காவது ஆடிவிட்டுச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்