மாற்றுத்திறனாளிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராதவர்களுக்காக வந்திருக்கும் அவர்கள் வீட்டுக்காரர்களே, வணக்கம்.

கொடியேற்றம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள், பொங்கல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழுக் கூட்டங்களில் பாதி, ஆள் சேராமல் டீயோடு முடிந்தன.

யாரால் வேலைக்குப் போக முடியும், யாரால் முடியாது என்று நான் வீடு வீடாகக் கணக்கெடுத்ததைப் பற்றி, "செயலாளருக்கு வேற வேலை இல்லை" என்று பேசியது என் காதுக்கும் வந்தது. சரி, ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஊன வகைகள் 7-லிருந்து 21 ஆயின. ஆனாலும் சலுகைக்கு 40 சதவீத ஊனம் இருக்க வேண்டும். சான்றிதழ் முகாமில் அளப்பது உடம்பை; அந்த உடம்பால் எந்த வேலை போனது என்பதை அல்ல. போலியோவில் கால் சூம்பிய நம் உறுப்பினர் மகன், திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார். இங்கே சேற்றில் இறங்க முடியாதவர். இரண்டு இடத்திலும் கால் அதேதான். அங்கே மிஷினில் விரல் போனால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு, இங்கே கதிர் அரிவாளில் போனால் அது கிடையாது.

முன்பு இங்கேயும் பதர் தூற்ற, களம் கூட்ட, நெல்லுக்குக் காவல் இருக்க ஆள் தேவைப்பட்டது. கால் முடியாதவருக்கும் கொஞ்சம் நெல் கிடைத்தது. அறுவடை மிஷின் வந்ததும் களமே போய்விட்டது. யாருக்கும் புதிதாக ஊனம் வரவில்லை, வேலை இல்லாதவர் மட்டும் கூடிவிட்டார்கள்.

அப்புறம் முட்டிவலி. மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பும் வீட்டில், "அம்மாவால முடியாதுன்னு எழுதிக்குங்க" என்றார்கள். அடுத்த தெருவில் அதைவிட வீங்கிய முட்டியோடு ஓர் அம்மா, "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, நாளைக்கு நூறு நாள் வேலை இருக்கு" என்றார். முடியும், முடியாது என்று இரண்டு கட்டம்தான் போட்டிருந்தேன். அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, "முடியாது, ஆனாலும் போகிறார்" என்று மூன்றாவது கட்டம் போட்டேன். இப்போது அதுதான் நிரம்பி வழிகிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இருப்பு இருக்கிறது, பெரிதாக இல்லை. நான் கைக்காசு போட்டதைக் கணக்கிலும் காட்டவில்லை, சொல்லியும் காட்டவில்லை. சந்தா பாக்கிப் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னார், வாசிக்கவில்லை. முகாமுக்குச் சங்கச் செலவில் ஆட்டோ போன அன்று வண்டி நிறைய இருந்தவர்கள்தான் அந்தப் பட்டியலிலும் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பந்தல், மைக், டீ தந்தவர்களுக்கு நன்றி.

கணக்கெடுப்பில் வாய்க்கால் கரைத் தெருவும் மேலத்தெருவும் பாக்கி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, குறுவை நடவும் தொடங்கிவிட்டால் பகலில் வீட்டில் யாரையும் பார்க்க முடியாது. அதற்குள் முடிக்க வேண்டும். என் இடது முட்டியும் இப்போது சொன்னபடி கேட்பதில்லை. மூன்றாவது கட்டத்தில் என் பெயரையும் எழுதியாயிற்று. எழுதத் தெரிந்த இரண்டு பேர் ஞாயிறு காலையில் வந்தால் போதும். ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது.