நஞ்சு ஐயத்தில் எடுத்த உள்ளுறுப்புகளின் ஆய்வறிக்கையை விரைந்து பெற்றுத்தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருவட்டார் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: என் தம்பியின் மரணம் – இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை 15 மாதங்களாக வராதது – நடவடிக்கை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தம்பி ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. ஒன்றேகால் ஆண்டுக்கு முன், மார்கழி மாதத்தில், அதிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டமான விளைக்குப் போனான். ஆறு மணிவாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இமை சொருகிய நிலையில் உட்கார்ந்திருந்தவனை அடுத்த விளைக்காரர் பார்த்திருக்கிறார். எட்டு மணிக்கு, ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் புரையில் (கொட்டகையில்) பிணமாகக் கிடந்தான். பக்கத்தில் பால் உறைய ஊற்றும் ஆசிட் கேன், மூடி திறந்தபடி. "ஆசிட் குடித்துவிட்டான்" என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த கேன் அங்கே இருப்பதில் வியப்பில்லை. அதில் இருப்பது ஃபார்மிக் அமிலம். நம் மாவட்டத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் எந்தப் புரையிலும் அது இருக்கும். அதைக் குடித்தவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். உதடு வெந்து, நாக்கு வெளுத்து, வாயோரத்திலிருந்து மோவாய் வரை ஒழுகிய தடம் தோலில் கோடாகப் பதிந்திருக்கும். என் தம்பியின் முகத்தைத் துடைத்தவன் நான். உதட்டில் ஒரு கீறல் கூட இல்லை. பூச்சிமருந்து உட்கொண்டவர்களிடம் பெரும்பாலும் காணும் நுரையும் மண்ணெண்ணெய் போன்ற நெடியும் இல்லை. உடற்கூறாய்வு செய்த மருத்துவரும் வாய், உணவுக்குழாய், இரைப்பை எதிலும் அமிலம் அரித்த புண் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார். இடது கணுக்காலுக்கு மேல் இரண்டு சிறு புள்ளிகளைக் குறித்து, அந்தத் தோலை வெட்டித் தனி பாட்டிலில் இட்டிருக்கிறார். இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் "இரசாயன அறிக்கைக்குப் பின்" என்று நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரி. என் ஐயம் பாம்புக்கடிதான். கட்டுவிரியன் பாம்பு கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கம் இராது. பல் பட்ட தடம் சில வேளை தெரியவே தெரியாது.

ஐயா, நஞ்சு உடலில் எப்போதும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை. சயனைடு என்றால் பிணத்தின் அடிப்பகுதித் தோல் செங்கல் நிறத்துக்குச் சிவக்கலாம். எலி பேஸ்டில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் என்றால் சில நாள் கழித்து இறந்தவரின் ஈரல் கொழுப்பேறி மஞ்சளித்திருக்கும். அரளிக் கொட்டையை அரைத்துக் குடித்தவரிடமோ வெளிப்பார்வைக்கு எதுவும் இராது. போதாததற்கு, நம் ஊர்ச் சூட்டில் அழுகத் தொடங்கிய உடலே மூக்கில் நுரை தள்ளும், வயிறு பச்சை பூக்கும், தோல் கொப்புளிக்கும். தெரியாதவர் கண்ணுக்கு அதுவும் நஞ்சாகத் தோன்றும். ஆகவே இரைப்பையும் அதிலிருந்ததும், சிறுகுடலின் ஒரு பகுதி, ஈரல், சிறுநீரகம், இரத்தம் ஆகியவை அடங்கிய பாட்டில்கள்தான் கடைசிச் சாட்சி. உள்ளுறுப்புகளை அடர்ந்த உப்புக் கரைசலில் இட்டாலும், எளிதில் ஆவியாகும் நஞ்சும் சிதைந்துபோகும் நஞ்சும் காத்திருக்க மாட்டா. நாள் கடந்து "நஞ்சு காணப்படவில்லை" என்று வரும் அறிக்கை, நஞ்சே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

2022 அக்டோபரில் நம் மாவட்டத்தின் கேரள எல்லையோரத்தில் ஓர் இளைஞருக்குக் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுக்கப்பட்டதை அனைவரும் அறிவோம். அவர் 11 நாள் உயிரோடு இருந்து இறந்தார். நாடே பார்த்த அந்த வழக்கில் 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்துவிட்டது. பால்வெட்டுத் தொழிலாளியின் பாட்டிலைப் பற்றிக் கேட்க ஆளில்லை. காவல் நிலையத்துக்கு ஒன்பது முறை போனேன். "லேபிலிருந்து வரவில்லை" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. பாட்டில்கள் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டன என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை.

தம்பி வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தான். பாம்புக்கடி என்றால் அவன் மனைவிக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். தற்கொலை என்றால் எதுவும் இல்லை. பணத்தையும் விடுங்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் அவன் மகளிடம், "உன் அப்பா ஏன் ஆசிட் குடித்தார்?" என்று பஸ்ஸில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் நடந்தே பள்ளிக்குப் போகிறாள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவின்படி, ஐயத்துக்குரிய மரணத்தில் காவல்துறையின் விசாரணை அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாவட்ட நடுவருக்கோ உட்கோட்ட நடுவருக்கோ அனுப்பப்பட வேண்டும். அந்தப் பொறுப்பில் தாங்கள் இருப்பதால்தான் இந்த மனுவைத் தங்களிடம் தருகிறேன். என் தம்பியின் பாட்டில்கள் ஆய்வகத்தில் ஒப்படைக்கப்பட்ட தேதியை எழுத்தில் தரவும், அறிக்கையைக் காலக்கெடு வைத்து வரவழைக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். கணுக்கால் தோலையும் பாம்பு நஞ்சுக்காகச் சோதித்தார்களா என்று தனியே கேட்டுப் பெற வேண்டும். இதுபோல் மாவட்டம் முழுவதும் அறிக்கை வராமல் நிற்கும் மரணங்களுக்கு ஒரு பதிவேடு வைத்து, மாதம் ஒருமுறை தாங்களே பார்வையிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

உடற்கூறாய்வுச் சான்றின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)