சராசரி மாணவனும் பொறியியல் கல்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக அனுமதிக்குரிய உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில், நான் ஓய்வுபெற்ற பின்னரும், பெற்றோர் சிலர் என் வீட்டுக்கு வருவதுண்டு. "டீச்சர், மகனுக்கு இரண்டு சீ, ஒரு எஸ். எஞ்சினியரிங் படிக்க விடலாமா?" என்பதே அநேகமாக அவர்களுடைய கேள்வி. சீ என்பது திறமைச் சித்தி; எஸ் அதற்குக் கீழான சாதாரண சித்தி. நெடுங்காலம் இணைந்த கணிதம் கற்பித்தவள் என்ற முறையில் அவர்களுக்குச் சொல்லிவருவதை இங்கு எழுதுகிறேன்.

பெறுபேற்றுத் தாளை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்கக் கூடாது. அரச பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்களில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படியும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுவதால், கொழும்பில் தோற்றிய பிள்ளைக்கு இடம் பெற்றுத்தராத இசட் புள்ளி, அதாவது அனுமதிக்காகக் கணிக்கப்படும் தரப்படுத்திய புள்ளி, வேறொரு மாவட்டத்துப் பிள்ளையைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பக்கூடும். வசதி குறைந்த பாடசாலைகளை எண்ணும்போது அந்த ஒதுக்கீடு நியாயமானதே. ஆனால் அப்படிச் சென்றவர்களும் பட்டம் பெற்றுப் பாலமும் நீர்வழங்கலும் அமைக்கிறார்கள் என்பதால், இடம் கிடைக்காததை இயலாமை என்று நாம் கொள்ளலாகாது.

நான் வேறொன்றைப் பார்ப்பேன். சில ஆண்டுகளுக்கு முன், சுவரில் சாய்ந்து நிற்கும் ஏணி வழுக்குமா என்ற நிலையியல் கணக்கொன்றை இரு மாணவர்களுக்குக் கொடுத்தேன். கூடுதல் புள்ளி பெற்றிருந்தவன், "இது எந்த வருடத்து வினா, டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை வைத்துவிட்டான். மூன்று பாடங்களிலும் சீ எடுத்திருந்த மற்றவனோ என் சாப்பாட்டு மேசையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து நான்கு படங்கள் கீறினான். நான்காவதில், உராய்வு விசையின் திசையைத் தலைகீழாகப் போட்டிருந்ததைத் தானே கண்டுபிடித்து அழித்தான். விடை அன்று வரவில்லை. ஆயினும் அவனுடைய தாயிடம், தயங்காமல் அனுப்புங்கள் என்றேன். பொறியியலின் முதலாம் ஆண்டில் வகையீட்டுச் சமன்பாடுகளும் பாய்பொருள் இயக்கவியலும் வரும்போது, மனப்பாடம் செய்த கடந்தகால வினாத்தாள்கள் அதிக தூரம் கைகொடுப்பதில்லை. பிடிபடாத கணக்கை விட்டு எழும்ப மனமில்லாத குணமே கைகொடுக்கும். அந்தக் குணமும் விருப்பமும் இல்லாத பிள்ளையை, உறவினர் மத்தியில் மதிப்பு வேண்டும் என்பதற்காக நான்கு ஆண்டுகள் அதில் அமர்த்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

தமிழ்மொழி மூலம் கற்ற பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடப்பதால், 'உராய்வு' என்று அறிந்த ஒன்றை 'ஃபிரிக்ஷன்' என்று கேட்டு மனத்துள் மாற்றிக்கொள்வதிலேயே முதல் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. பெறுபேறு வந்து அனுமதி கிடைக்கும்வரை வீட்டிலிருக்கும் காலத்தில் ஆங்கிலப் பாடநூலொன்றை வாசித்து வந்தால் இந்தத் தடுமாற்றம் பெரிதும் குறையும்.

காணியை ஈடுவைத்துத் தனியார் நிறுவனங்களுக்குப் பணம் கட்டுபவர்களைப் பற்றியே எனக்கு மிகுந்த கவலை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல், பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றதால், அந்த நிறுவகம் அங்கீகரித்த பட்டத்துக்கு உடன்படிக்கை நாடுகளிலும் மதிப்புண்டு. ஆகவே முதல் தவணையைச் செலுத்தும் முன்னரே, சேரவிருக்கும் பட்டத்தை அந்த நிறுவகம் ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டறிய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதைக் கேட்டது மூன்றாம் ஆண்டில். அதற்குள் வீட்டு நகைகள் போய்விட்டிருந்தன. அதேவேளை, நாவல திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் பட்டம் படிக்கலாம் என்பதும், மட்டக்குளியிலுள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொறியியலில் உயர் தேசிய டிப்ளோமா கற்பிக்கப்படுகிறது என்பதும் கொழும்பிலேயே பல பெற்றோருக்குத் தெரியாமல் இருக்கிறது.

பெறுபேறு வெளியாகும் வாரத்தில் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்கள் தங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வருகின்றன. அதே வாரத்தில் இவ்விரு அரச நிறுவனங்களின் அனுமதித் தகைமைகளையும் விண்ணப்ப முடிவுத் திகதிகளையும் கல்விப் பக்கத்தில் வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.