மீதி 22 எழுத்துகள்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தை அம்மாவிடமும் காட்டினேன். பிபிசி வாசலில் கையில் சிகரெட்டோடு, யாரிடமோ வாதாடுவது போல முன்னால் சாய்ந்து நிற்கும் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் சிலை. "இந்த மனுஷன் சாப்பிடவே மாட்டாரா" என்றாள். காசநோய்க்காரர், 46 வயதிலேயே போய்விட்டார் என்றதும் போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள்.

"செத்து 75 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ட்ரெயின்ல சின்னப் பசங்க அவர் புத்தகத்தை வெச்சுட்டு நிக்கறாங்க. அப்படி என்னங்கப்பா இருக்கு அதுல?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றியது.

அவருடைய விலங்குப் பண்ணை நாவலைப் படிக்காமலே வெறுத்தவன் நான். முதலாளியை விரட்டிவிட்டு விலங்குகள் பண்ணையைப் பிடிக்க, பன்றிகள் தலைவர்களாகிவிடும் கதை அது. மில்லில் சேர்ந்த புதிதில் சங்க ஆபீஸ் பெஞ்சில்தான் என் படிப்பெல்லாம். அங்கே ஒரு மூத்த தோழர், "அது அமெரிக்காக்காரன் பரப்பிவிட்டது, தொழிலாளிக்கு எதிரான புத்தகம்" என்று சொன்னார். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. 1954-இல் வந்த கார்ட்டூன் படத்துக்குப் பின்னால் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் பணம் இருந்தது பிற்பாடு வெளியே வந்தது. ஆனால் அதில் கதையின் முடிவையே மாற்றியிருந்தார்கள். புத்தகத்தில் கடைசியாகப் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேஜையில் சீட்டாடுகிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கும் விலங்குகளுக்கு எது பன்றி முகம், எது மனித முகம் என்று தெரியவில்லை. படத்தில் மனிதர்களை எடுத்துவிட்டு, பன்றிகளை எதிர்த்து விலங்குகள் கிளம்புவதாக முடித்தார்கள். பழைய முதலாளியும் புதுத் தலைவரும் ஒன்றாகிப்போன அந்த இடம் பணம் கொடுத்தவர்களுக்கு ஆகவில்லை என்றே நினைக்கிறேன்.

மில்லை மூடியபோது நீ மூன்றாவது படித்தாய். உனக்குக் கடலை மிட்டாய் வாங்கி வரும் புளோ ரூம் பெரியப்பாவை ஞாபகம் இருக்கிறதா? பஞ்சை அடித்துச் சுத்தம் செய்யும் அந்த இடத்தில் தூசிக்குள் 30 வருஷம் நின்றவர். ஒரு கேட் மீட்டிங் விட்டதில்லை. யார் எதைக் கேட்டாலும் "தலைவர் பார்த்துக்குவார்" என்பார். செட்டில்மெண்ட் அன்று கைநாட்டு வைக்கக் கட்டை விரலை நீட்டினார். வரிசையில் அவருக்குப் பின்னால் நான். காகிதத்தை எட்டிப் படித்துவிட்டேன். அவர் கணக்கில் சில வருஷங்கள் விடுபட்டிருந்தன. தலைவர் பக்கத்தில் நிற்கிறாரே, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

வேலையில்லாத அந்த வருஷத்தில்தான் நூலகத்தில் விலங்குப் பண்ணைக்கு எழுத்தாளர் க.நா.சு. செய்த மொழிபெயர்ப்பு கிடைத்தது. அதில் பாக்ஸர் என்று ஒரு வண்டிக் குதிரை. எது நடந்தாலும் "இன்னும் கடுமையாக உழைப்பேன்" என்று சொல்லும். தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றும் சொல்லும். அரை மணி நேரம் முன்னதாக எழுப்பிவிடும்படி சேவலிடம் கேட்டுக்கொள்ளும். எழுத்தில் அதற்கு நான்குக்கு மேல் தலையில் நிற்காது. ஓய்வு கிடைத்தால் மீதி 22 எழுத்துகளையும் கற்றுக்கொள்வேன் என்று ஆசையோடு இருக்கும். கடைசியில் கல் இழுத்து இழுத்து விழுந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி ஒரு வண்டி வருகிறது. மற்ற விலங்குகள் கூடி நின்று வழியனுப்புகின்றன. பெஞ்சமின் என்ற கழுதைக்கு மட்டும் எந்தப் பன்றிக்கும் குறையாமல் படிக்கத் தெரியும். ஆனால் அதுவரை தன் படிப்பை எதற்கும் பயன்படுத்தியதில்லை. வண்டியில் எழுதியிருப்பது அடிமாட்டுக்காரர் பெயர் என்று அன்றைக்குத்தான் அது கத்திச் சொல்கிறது. வண்டி நகர்ந்துவிட்டது.

நூலகத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். இந்த மனிதருக்கு எங்கள் வரிசை எப்படித் தெரிந்தது என்று இருந்தது.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஒரு கிராமத்தில் பத்து வயதுப் பையன் பெரிய வண்டிக் குதிரை ஒன்றைச் சாட்டையால் அடித்து ஓட்டிப் போவதைப் பார்த்தாராம். இந்தக் குதிரைக்குத் தன் பலம் தெரிந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பில்தான் கதையே தொடங்கியது. 1947-இல் வந்த உக்ரைன் மொழிப் பதிப்பின் முன்னுரையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அவர் எதிர்முகாம் ஆள் இல்லை, கண்ணு. சோஷலிஸ்ட். ஸ்பெயினில் பாசிஸ்டுகளை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கி, 1937-இல் தொண்டையில் குண்டு வாங்கியவர். அதே வருஷம் அவருடன் போரிட்டவர்களைத் துரோகிகள் என்று சொல்லிச் சிறையில் தள்ளியது கூட இருந்த கம்யூனிஸ்டுகள்தான். அதைப் பார்த்த பிறகு எழுதிய கதை இது. 1944-இல் எழுதி முடித்தபோது, கதை கிண்டலடிக்கும் ரஷ்யத் தலைவர் ஸ்டாலின் பிரிட்டனுக்குக் கூட்டாளி. பெரிய பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. அவற்றில் ஒன்றின் சார்பில் மறுத்துக் கடிதம் எழுதியவர் கவிஞர் டி.எஸ். எலியட். 1945 ஆகஸ்டில் 4,500 பிரதிகளோடு வெளிவந்தது. எழுத எழுத இரவில் மனைவிக்குப் படித்துக் காட்டிய கதை. புத்தகமாக வருவதற்கு ஐந்து மாதம் முன்பே அந்த மனைவி இறந்துவிட்டார்.

பர்மாவில் போலீஸ் வேலை பார்த்ததைப் பற்றி ஆர்வெல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மதம் பிடித்த யானை ஒரு கூலியை மிதித்துக் கொன்றுவிடுகிறது. திராவிடக் கூலி என்றே எழுதுகிறார். நம் தென்னிந்தியப் பக்கத்து ஆள். கூட்டம் பார்க்கிறதே என்பதற்காக, அமைதியாகிவிட்ட யானையைச் சுடுகிறார். அந்தக் கூலி செத்தது எனக்கு நல்லதாகப் போயிற்று, சட்டப்படி தப்பித்தேன் என்று தன்னைப் பற்றியே எழுதி வைத்திருக்கிறார். அவரை நான் நம்பியது அந்த வரியில்தான்.

2013-இல் அமெரிக்க அரசு மக்களின் போன்களை உளவு பார்த்தது அம்பலமானதும் அவருடைய இன்னொரு நாவலான '1984'-இன் விற்பனை ஏறியது. 2017 ஜனவரியில் ட்ரம்ப் பதவியேற்றதும் அமேசானில் முதலிடத்துக்கே வந்தது. இங்கே ராத்திரி எல்லா வீட்டிலும் ஓடும் பிக் பாஸின் பெயருக்கு மூலமும் அந்த நாவலில் எல்லாரையும் கண்காணிக்கும் 'பிக் பிரதர்'தான். ஒவ்வொரு கட்சிக்காரரும் அதில் எதிர்க்கட்சிக்காரர் முகத்தைப் பார்க்கிறார்கள், அதனால் விற்கிறது. ஆனால் அவர் எழுதியது தன் பக்கத்து ஆட்களைப் பார்த்து. உன் ஆபீஸிலோ, நீ நம்பும் இயக்கத்திலோ காகிதம் கைமாறும்போது நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்கும் புத்தகம் விலங்குப் பண்ணை. என்னை அப்படித்தான் கேட்டது.

பெரியப்பாவின் பேத்தி இப்போது பத்தாவது படிக்கிறாள். போன மாதம் என்னிடமிருந்த தமிழ்ப் பிரதியைக் கொடுத்தேன். நான்கே நாளில் திருப்பிக் கொண்டுவந்து, "அந்தக் கழுதை ஏன் தாத்தா முதல்லயே படிச்சுச் சொல்லல?" என்று கேட்டாள். அவளை உட்கார வைத்து, அவள் தாத்தா கைநாட்டு வைத்த அன்றைக்கு நான் எங்கே நின்றேன் என்பதையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். நேற்று மறுபடியும் வந்தாள். இங்கிலீஷில் படிக்க வேண்டுமாம்.

பொங்கலுக்கு வரும்போது ஒரு பிரதி வாங்கி வா. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், நானும் படிப்பேன்.

அன்புடன்,
அப்பா