பொருள்: ஆண்டு மலரில் வெளியாகும் மாணவர் படைப்புகளின் பதிப்புரிமை

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு நம் பள்ளி மலரின் அட்டையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் வரைந்த தெப்பக்குள ஓவியத்தை அச்சிட்டோம். அவர் பெயரை எங்கும் போடவில்லை. மலர் கைக்குக் கிடைத்த அன்றே அவர் என் அறைக்கு வந்து, "ஐயா, இது நான் வரைஞ்சது, என் பேரு எங்கே?" என்று கேட்டார். என் பொறுப்பில் நடந்த தவறு அது. இவ்வாண்டு மலருக்குப் படைப்புகளைத் திரட்டும் முன் இக்கடிதத்தை எழுதுவதற்கு அந்தக் கேள்வியே காரணம்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொந்தமாக எழுதிய கதைக்கோ கவிதைக்கோ, வரைந்த ஓவியத்துக்கோ முதல் உரிமையாளர் பொதுவாக அவரே. இதற்குப் பதிவு கட்டாயமில்லை. படைத்தவரின் வயதும் தடையில்லை. (பலர் இதைக் காப்புரிமை என்கிறார்கள், அச்சொல் கண்டுபிடிப்புகளுக்கு உரியது.) பள்ளி கொடுத்த தாளில், பள்ளியின் வண்ணத்தைக் கொண்டு, ஓவிய வகுப்பிலேயே வரைந்திருந்தாலும், மாணவர் பள்ளியின் ஊழியர் அல்லர் என்பதால் அந்த ஓவியம் பள்ளிக்குச் சொந்தமாகிவிடாது. அவ்வுரிமை படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரை விட்டுப் போவதில்லை என்று அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மாணவி சட்டம் எதையும் படிக்காமலேயே கேட்டது இதைத்தான்.

எனவே, இத்துடன் ஓர் ஒப்புதல் படிவம் இணைத்துள்ளோம். படைப்பை இவ்வாண்டு மலரில் ஒருமுறை, படைத்தவரின் பெயருடன் அச்சிட மட்டுமே அதில் அனுமதி கேட்கிறோம்; உரிமை பிள்ளையிடமே இருக்கும். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதால் நீங்கள் கையெழுத்திட வேண்டும். ஆனால், பிள்ளையைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

பிறர் எழுதியதைத் தம் பெயரில் தருவதையும் ஏற்க இயலாது. ஒரு கருத்தையோ கதைக்கருவையோ எவரும் எடுத்தாளலாம். சட்டம் காப்பது அதைச் சொன்ன விதத்தை. இணையத்தில் கண்ட கவிதை பிடித்திருந்தால், அதைப் பற்றித் தம் சொற்களில் எழுதட்டும். மேற்கோளாக எடுக்கும் வரிகளுக்கு எழுதியவர் பெயரைக் குறிப்பிடட்டும்.

ஆண்டு விழா குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் கூடும் அரங்கில் பிள்ளைகள் ஒரு பாடலுக்கு ஆடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. அதே பாடல் ஒலிக்கும் காணொளியை யூடியூபில் ஏற்றுவது அந்த விலக்கில் அடங்காது. 1921இல் மறைந்த பாரதியாரின் பாடல்களை எவரும் பாடலாம். தனியாரிடம் இருந்த அவற்றின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. ஆயினும் அண்மைக் காலத்தில் ஒருவர் இசையமைத்துப் பதிவு செய்த ஒலிவடிவத்துக்குத் தனி உரிமை உண்டு. ஆகவே, விழாவில் எடுக்கும் காணொளிகளை வீட்டளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்திட்ட படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். அட்டை ஓவியத்தை வரைந்த மாணவியின் பெயர் இவ்வாண்டு மலரின் முதல் பக்கத்தில், வருத்தக் குறிப்புடன் இடம்பெறும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்