எண்பதாயிரம் ரூபாய் போனில் கிராபிக்ஸ் ஏன் குறைகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை கிராஸ்கட் ரோட்டிலும் சரி, ஈரோட்டிலும் சரி, செல்போன் கடை விலை அட்டையில் கேமரா, ரேம், பேட்டரி எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். கிராபிக்ஸைக் கவனிக்கும் ஜிபியு எது என்பது இருக்காது. வாங்குகிறவரும் கேட்பதில்லை. அதனால்தான் கம்பெனிகள் அங்கே கை வைக்கின்றன. சிப்பில் ஜிபியு அடைக்கும் இடம் அதிகம். அதைச் சுருக்கினால் ஒரே வேஃபரில் (சிப் வெட்டி எடுக்கும் சிலிக்கான் தகட்டில்) கூடுதல் சிப் வெட்டலாம்.

கூகுள் தன் பிக்சல் போன்களுக்காக 2024-ல் விட்ட டென்சர் ஜி4 சிப்பில் இருந்தது, முந்தைய ஜி3-ன் அதே மாலி-ஜி715 ஜிபியு. அடுத்த ஆண்டு பிக்சல் 10-ல் பவர்விஆர் என்ற வேறு ஜிபியுவுக்கு மாறினார்கள்; அறிமுக விலை 79,999 ரூபாய், கேமில் ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங் கிடையாது. ஐபோன் ஏரிலும் 17 புரோவிலும் சிப்பின் பெயர் ஏ19 புரோதான். ஆனால் ஏரில் ஜிபியு கோர் (வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதி) 5, புரோவில் 6. ஆண்ட்ராய்டு போன்களில் வரும் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சிப்பில் ஜிபியு அட்ரினோ 750. நடுவில் ஓர் ‘எஸ்’ சேர்ந்து 8எஸ் ஜென் 3 என்றால் அதைவிடக் குறைந்த அட்ரினோ 735. அந்த ஓர் எழுத்தைக் கடையில் யாரும் விளக்குவதில்லை.

நம் ஊர் வெயிலில் இது இன்னும் உறைக்கும். ஐபோனை 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். ஏப்ரலில் ஈரோடும் கரூரும் 40-ஐத் தொடுகின்றன. சூடேறியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் பறக்கும் கேம் பிறகு திக்கித் திணறுவது இதனால்தான். ஏசி போட்ட கடையில் இரண்டு நிமிடம் தடவிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஆண்ட்ராய்டு என்றால் வாங்கும் முன் சிபியு-இசட் செயலியில் ஜிபியு பெயரைப் பாருங்கள். கிராபிக்ஸ் வேகத்தைச் சோதிக்கும் 3டிமார்க் செயலியின் வைல்டு லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 நிமிடம் ஓடும். மிகக் குறைந்த மதிப்பெண் மிக உயர்ந்ததில் எத்தனை சதவீதம் என்று கடைசியில் காட்டும். 60-க்குக் கீழே போனால் அந்த விலைக்கு அது தகாது என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கேம் ஆடும்போது கவரைக் கழற்றிவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், பிரேம் ரேட்டை (திரையில் நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையை) 60-ல் நிறுத்துங்கள்.

பொட்டலப் பொருட்களுக்கான 2011 விதிகளின்படி பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சிடுவது கட்டாயம். அதன் பக்கத்திலேயே ஜிபியு பெயரையும் கோர் எண்ணிக்கையையும் அச்சிட மத்திய நுகர்வோர் விவகாரத் துறை உத்தரவிட வேண்டும்.

செல்போன் பழுது நீக்குவோர்,
ஈரோடு