நிலவின் உட்கருவும் காந்தமானியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலவின் உட்புறம் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். நிலநடுக்கமானிகளைப் பற்றி விரிவாக எழுதிய கட்டுரையாளர், ‘நிலவுக்குக் காந்தப்புலம் இல்லை’ என்று ஒரே வரியில் காந்த ஆய்வை முடித்துவிட்டார். அது நியாயமாகப் படவில்லை.

நிலவு முழுவதையும் சூழ்ந்த புலம் இன்று இல்லை என்பது சரிதான். 1959-லேயே சோவியத் விண்கலமான லூனா-2 காட்டிவிட்டது. ஆய்வாளர்களுக்கு அது வசதியாகவே போயிற்று, அளவுகளிலிருந்து கழிக்க வேண்டிய நிலவின் சொந்தப் புலம் ஏதுமில்லையே! சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டமே சூரியக் காற்று. அதோடு வரும் காந்தப்புலம் ஓயாமல் மாறுகிறது. அந்த மாற்றம் நிலவின் பாறைகளில் மின்னோட்டத்தைத் தூண்ட, அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு புலத்தை எழுப்புகிறது. வேகமான மாற்றங்கள் மேலடுக்கிலேயே அடங்கிவிடும். மெதுவானவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழம் இறங்கும். நிலவுக்கு மேலே விண்வெளியில் இருந்த புலத்தையும் நிலவின் தரையில் பதிவானதையும் ஒப்பிட்டால், எந்த ஆழத்துப் பாறை எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று கணக்கிடலாம். சூடான பாறை அதிகம் கடத்தும். ஆகவே துளை போடாமலே உள்வெப்பத்தையும் மதிப்பிடலாம். 1969-ல் அப்பல்லோ 12 வீரர்கள் வைத்துவிட்டு வந்த காந்தமானியும், நிலவைச் சுற்றிய எக்ஸ்ப்ளோரர் 35-ம் சேர்ந்து செய்தது இதைத்தான்.

உட்கருவின் கதை இன்னும் சுவையானது. முழுநிலவை ஒட்டிய சில நாள்கள் நிலவு பூமியின் காந்த வாலுக்குள், அதாவது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டு கிடக்கும் பூமியின் காந்தப்புலத்துக்குள் இருக்கும். அங்கே சூரியக் காற்றின் தொல்லை குறைவு, புலமும் ஏறக்குறைய சீரானது. நன்றாக மின்கடத்தும் உட்கரு அந்தப் புலத்தை உள்ளே விடாது. அதனால் மிக மெல்லிய எதிர்ப்புலம் ஒன்று வெளியே தெரியும். நிலவைச் சுற்றிய நாசாவின் லூனார் ப்ராஸ்பெக்டர் கலம் 1998-ல் எடுத்த அளவுகளிலிருந்து உட்கருவின் ஆரம் 340 கி.மீ., பிழை எல்லை 90 கி.மீ. என்று 1999-ல் கணித்தார்கள். அப்பல்லோ நிலநடுக்கப் பதிவுகளை 2011-ல் மறுபடி அலசிக் கண்ட 330 கி.மீ. தங்கள் கட்டுரையில் இடம்பெற்றது. அதற்கு முன்பே காந்த வழியில் வந்த எண் இடம்பெறவில்லை.

2025 மார்ச்சில் மாரே கிரிசியம் சமவெளியில் இறங்கிய புளூ கோஸ்ட் கலம் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் சேர்த்து அளக்கும் கருவியைக் கொண்டுபோனது. இரண்டையும் ஒரே இடத்தில் அளப்பதால் இந்த முறையில் மேலே சுற்றும் துணைக்கலம் தேவையில்லை. அப்பல்லோ 12 இறங்கியது தோரியம் போன்ற, வெப்பம் தரும் கதிரியக்கத் தனிமங்கள் செறிந்த பகுதி. கிரிசியம் அதற்கு வெளியே இருக்கிறது. இரண்டு இடங்களின் உள்வெப்பத்தையும் ஒப்பிட முடியும் என்பதே இதில் எனக்குப் பெரிய ஈர்ப்பு. சந்திரயான்-3 தரையிறங்கு கலத்தில் நில அதிர்வுக் கருவி இருந்தது, காந்தமானி இல்லை. அடுத்து இறங்கப்போகும் கலங்களிலாவது அதற்கு இடம் ஒதுக்கப்படுமா? கட்டுரையாளர் இதைப் பற்றித் தனியே எழுதினால் என்னைப் போன்ற வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்